34 வயதில் சர்க்கரை: சீக்கிரம் வந்தால் சீக்கிரம் கெடுக்குமா?

நொய்யல்காரன், திருப்பூர்
செவ்வாய், இரவு 10.40

வணக்கம்ங்க. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். வயது 34. போன வாரம் கடைவாய்ப் பல் பிடுங்கப் போனேன். ரத்தம் பார்த்துவிட்டு வா, அப்புறம் பிடுங்கலாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெறும் வயிற்றில் 168, சாப்பிட்ட பின் 261, மூன்று மாதச் சராசரி சொல்லும் எச்பிஏ1சி 8.9. பல் இன்னும் வாயில்தான் இருக்கிறது.

சர்க்கரை வந்ததுகூட அதிர்ச்சி இல்லை. எங்கள் வீட்டில் அது குலதெய்வம் மாதிரி, யாரையும் விடாது. என் சந்தேகம் வேறு.

அப்பாவுக்கு 58 வயதில் வந்தது. இப்போது 79. இருபத்தொரு வருஷம் ஆகிவிட்டது. கண், கால், கிட்னி எல்லாம் நன்றாக இருக்கின்றன. ஒறம்பரை வீட்டு விருந்தில் ஒப்புட்டு இரண்டை உள்ளே தள்ளிவிட்டு, "எனக்கு என்ன ஆயிருச்சு?" என்று கேட்கிறவர். பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், அவருக்கு 31-ல் வந்தது. இப்போது 46. ஆறு மாதமாக வாரம் மூன்று நாள் டயாலிசிஸ்.

ஒரே குடும்பம், ஒரே களி, ஒரே கொள்ளுப் பருப்பு. அப்பாவுக்கு 21 வருஷத்தில் வராதது அண்ணனுக்கு 15 வருஷத்தில் ஏன் வந்தது? வந்த வயதுதான் காரணமா? கம்பெனியில் எல்லோரும் "இளரத்தம், தாங்கும்" என்கிறார்கள். நம்பலாமா?

அமராவதிக்கரை, தாராபுரம்
செவ்வாய், இரவு 11.15

தம்பி, பயப்படாதீர்கள். ஓய்வு பெற்ற வாத்தியார் நான். எனக்கு 59-ல் வந்தது. வயதான பிறகு வந்தால்தான் கஷ்டம். முட்டி வலியில் நடக்க முடியாது, ஏற்கெனவே பிரஷர் வேறு இருக்கும். உங்கள் வயதில் வந்தால் ஓடியாடி வேலை செய்து சரிக்கட்டிவிடலாம். உடம்புக்குத் தாங்குகிற சக்தி உண்டு. உங்கள் அண்ணன் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டிருக்க மாட்டார். அவ்வளவுதான் விஷயம்.

பொள்ளாச்சி நர்ஸ்
புதன், காலை 6.05

நைட் டியூட்டி முடித்து பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாத்தியார் ஐயா, மன்னிக்க வேண்டும். நீங்கள் சொன்னது தலைகீழ். சர்க்கரைப் பிரிவில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறேன். "இளரத்தம் தாங்கும்" என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

19 பணக்கார நாடுகளின் தகவல்களைச் சேர்த்து 2023-ல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. அமெரிக்கக் கணக்குப்படி 30 வயதில் சர்க்கரை கண்டுபிடிக்கப்பட்டவர்களின் ஆயுள், சர்க்கரை இல்லாதவர்களைவிடச் சராசரியாக 14 வருஷம் குறைவு. 40-ல் என்றால் 10 வருஷம். 50-ல் என்றால் 6 வருஷம். பத்து வருஷம் முன்னால் வந்தால் மூன்று நான்கு வருஷம் கூடுதலாகப் பறிபோகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது சராசரிதான், யாருடைய நெற்றியிலும் எழுதி ஒட்டிய எண் இல்லை.

நொய்யல் தம்பி, உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. "தாங்கும்" என்று சொல்லி உங்களைத் தூங்க வைத்துவிடக் கூடாது, அதற்காகத்தான். ஸ்டாப் வந்துவிட்டது. மீதி அப்புறம்.

மஞ்சள்மண்டி, கொடுமுடி
புதன், காலை 8.30

இதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. எங்கள் காட்டில் போர் தண்ணீர் உப்பு. சொட்டுநீர்க் குழாய் போட்டு எட்டு வருஷம் ஆன பாத்தியில் பாதித் துளை அடைத்திருக்கும், இரண்டு வருஷம் ஆனதில் நன்றாகச் சொட்டும். தண்ணீர் அதேதான், ஓடின வருஷம்தான் கணக்கு. சீக்கிரம் வந்தவனுக்கு அதிக வருஷம் ஓடுகிறது. வயதுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

அப்புறம், இதெல்லாம் சோற்றையும் புரோட்டாவையும் தின்று வந்த வினை. எங்கள் அப்பாரு கம்பும் சோளமும் தின்று காட்டு வேலை செய்து 90 வரை இருந்தார்.

கணக்குப்பிள்ளை, கோவை
புதன், மதியம் 1.20

கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன், மருத்துவன் இல்லை. ஆனால் இந்த இழையில் மூன்று வேறு வேறு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறோம்.

இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். முத்துவுக்கு 30-ல் வந்தது, ராமசாமிக்கு 60-ல் வந்தது.

வந்து பத்து வருஷம் கழித்து இருவரையும் பாருங்கள். முத்துவுக்கு 40, ராமசாமிக்கு 70. யாருக்கு மாரடைப்பு அதிகம்? பெரும்பாலும் ராமசாமிக்கு. அது சர்க்கரையின் வேலை மட்டும் அல்ல, எழுபது வயதின் வேலையும்கூட. வாத்தியார் ஐயா கண்ணில் படுவது இந்த ஒப்பீடு. அவர் பார்த்தது பொய் இல்லை.

இப்போது இருவரையும் ஒரே வயதில், 70-ல் நிறுத்துங்கள். முத்துவுக்கு 40 வருஷச் சர்க்கரை, ராமசாமிக்கு 10. இங்கே முத்து நிலைமைதான் மோசம். சுமார் 13 லட்சம் பேரை உள்ளடக்கிய 26 ஆய்வுகளைத் தொகுத்து 2021-ல் வெளியிட்டார்கள். இப்போதைய வயதைச் சமப்படுத்திப் பார்த்தால், சர்க்கரை ஒரு வருஷம் தள்ளி வந்ததற்கு, கண், கிட்னி, நரம்பு போன்ற சிறு ரத்தக்குழாய்ப் பாதிப்பு 5 சதவீதம் குறைவு. மாரடைப்பு, பக்கவாதம் வகை 3 சதவீதம் குறைவு. ஒரு வருஷத்துக்கு 5 என்பது சிறிதாகத் தெரியும். இருபது வருஷம் தள்ளிப் பெருக்கிப் பாருங்கள்.

மூன்றாவது ஒப்பீடு, அவரவர் வயதுக்காரர்களோடு. முத்துவை சர்க்கரை இல்லாத 40 வயதுக்காரனோடும், ராமசாமியை சர்க்கரை இல்லாத 70 வயதுக்காரரோடும் வைத்துப் பார்ப்பது. சுவீடனில் 3 லட்சத்து 18 ஆயிரம் டைப் 2 நோயாளிகளை (இன்சுலின் சுரந்தும் சரியாக வேலை செய்யாத, பெரும்பாலோருக்கு வருகிற வகை) இப்படிப் பார்த்தார்கள். 40-க்குள் வந்தவர்களுக்கு இதய ரத்தக்குழாய் நோய் அபாயம் அதே வயதுக்காரர்களைவிட நான்கு மடங்குக்கு மேல். வயது ஏற ஏற அந்த வித்தியாசம் கரைகிறது. 80-க்கு மேல் கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்குக் கூடுதல் அபாயம் ஏறக்குறைய இல்லவே இல்லை.

ஆகவே "வயதுக்குச் சம்பந்தம் இல்லை" என்ற மஞ்சள்மண்டியாரின் தீர்ப்பை ஏற்க முடியவில்லை. ஓடின வருஷம் பெரிய காரணம்தான், ஒரே காரணம் அல்ல. நொய்யல்காரர் வீட்டுக் கதையே அதற்குச் சாட்சி. அங்கே அதிக வருஷம் ஓடின குழாய் நன்றாகச் சொட்டுகிறது, குறைவாக ஓடினது அடைத்துவிட்டது.

இரண்டு பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று வகுப்பில் சொல்கிற நானே இரண்டு பேரை வைத்துப் பேசுகிறேன். மாணவர்கள் யாரும் இங்கே இல்லை என்று நம்புகிறேன்.

மஞ்சள்மண்டி, கொடுமுடி
புதன், மதியம் 2.10

சரி, வருஷம் மட்டும் இல்லை என்றால் வேறு என்ன? சொல்லுங்கள், தெரிந்துகொள்கிறேன்.

பொள்ளாச்சி நர்ஸ்
புதன், மாலை 5.45

உங்கள் உப்புத் தண்ணீரையே எடுத்துக்கொள்கிறேன் அண்ணா. எல்லாப் போரிலும் உப்பு ஒரே அளவா இருக்கிறது? இளவயதில் வருகிற டைப் 2-வில் உப்பு அதிகம். இன்சுலினுக்கு உடம்பு காட்டுகிற எதிர்ப்பு கூடுதலாக இருக்கும், கணையம் களைத்துப்போவதும் வேகமாக நடக்கும். மாத்திரையில் ஆரம்பித்துச் சீக்கிரமே இன்சுலினுக்குப் போய்விடுவார்கள். கூடவே தொப்பை, கொழுப்பு, பிரஷர் மூன்றும் கைகோத்து வரும்.

இன்னொன்று, இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நாங்களும் இளைஞர்களைச் சரியாகக் கவனிப்பதில்லை. 60 வயதுக்காரர் வந்தால் இசிஜி, கொழுப்பு மாத்திரை, கிட்னி டெஸ்ட் எல்லாம் கை தானாக எழுதும். 32 வயதுப் பையன் வந்தால் "வாக்கிங் போப்பா, மூணு மாசம் கழிச்சு வா" என்று அனுப்பிவிடுகிறோம். அவனும் ஷிப்ட் விட்டு வர மாட்டான். இந்த இரண்டும் சேர்ந்து ஐந்து வருஷம் போய்விடும்.

கம்பு, காட்டு வேலை பற்றியும் ஒரு வார்த்தை. ஈரோடு மாவட்டத்தில் நல்லாம்பட்டி என்ற விவசாயக் கிராமத்தில் கோவை மருத்துவர்கள் ஆய்வு செய்தார்கள். உடம்பு நோக வேலை செய்கிற ஊர்தான். அங்கேயும் சர்க்கரை நிறைய இருந்தது. ஐரோப்பியர்களைவிட நம்மவர்களுக்கு ஏறக்குறைய பத்து வருஷம் முன்னதாகவே வருகிறது, எடை அவர்கள் அளவுக்கு ஏறாமலேயே வருகிறது. உங்கள் அப்பாரு கொடுத்து வைத்தவர். ஆனால் அவர் காலத்தில் ரத்தம் பார்த்தது யார்?

லேப்காரர், ஈரோடு
புதன், இரவு 9.00

தினமும் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவன் சொல்கிறேன். ரிப்போர்ட்டில் இருக்கிற தேதி சர்க்கரை வந்த தேதி இல்லை, மாட்டின தேதி. இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு எல்லோரும் கணக்குப் போடுகிறீர்கள்.

உடம்பில் இன்சுலினே சுரக்காமல் போகிற டைப் 1 என்றால் சில வாரங்களில் படுக்கப் போட்டுவிடும், தேதி ஏறக்குறைய சரியாக இருக்கும். டைப் 2 சத்தமில்லாமல் வருஷக்கணக்கில் உள்ளே இருக்கும். இங்கிலாந்தில் 1977-ல் ஆரம்பித்த யுகேபிடிஎஸ் ஆய்வில் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்களைத்தான் சேர்த்தார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சேர்ந்த அன்றே ஏதாவது ஒரு திசுப் பாதிப்பு இருந்தது.

நொய்யல் தம்பியின் அண்ணனுக்கு 31-ல் மாட்டியது என்றால் 26-லேயே வந்திருக்கலாம். தம்பிக்கும் அப்படியே. பல் வலி இல்லாவிட்டால் இன்னும் இரண்டு வருஷம் போயிருக்கும். அந்தப் பல்லுக்கு நன்றி சொல்லிவிட்டுப் பிடுங்குங்கள்.

முக்கியமாக: ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு நார்மல் என்று வந்தால் கிட்னி நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அது ஏறும்போது பாதி தூரம் போயிருக்கும். முதலில் காட்டிக்கொடுப்பது சிறுநீரில் கசியும் ஆல்புமின் என்ற புரதம். ஆல்புமின், கிரியாட்டினின் விகிதம் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். 30-க்குக் கீழ் இருக்க வேண்டும். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, முந்தின நாள் கடுமையான உடற்பயிற்சி இருந்தால் எண் பொய்யாக ஏறிக் காட்டும். அதனால் ஒரு தடவை கூடுதலாக வந்தால் திரும்பப் பார்ப்பார்கள். எச்பிஏ1சியிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. இரும்புச்சத்து குறைந்த ரத்தசோகை இருந்தால் எண் கொஞ்சம் ஏற்றிக் காட்டும். பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஊசிக்காரி, கோபி
வியாழன், இரவு 12.20

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நொய்யல் அண்ணா, உங்கள் அப்பாவைவிட நான் மூன்று வருஷம் சீனியர். ஒன்பது வயதில் வந்தது, இப்போது 33. டைப் 1.

நான்காம் வகுப்புக் கோடை விடுமுறை. அம்முச்சி வீட்டில் இருந்தேன். ராத்திரி முழுக்கத் தண்ணீர் குடிப்பேன், முழுக்க ஒன்றுக்குப் போவேன். பாவாடை இடுப்பில் நிற்காமல் இறங்கியது. பூச்சி என்று மருந்து கொடுத்தார்கள். அப்புறம் ஒரு நாள் மூச்சு வாங்கி மயங்கி, ஈரோட்டுக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். சர்க்கரை 500-க்கு மேல். எழுந்தபோது தொடையில் ஊசி. அன்றிலிருந்து ஒரு நாள்கூட அது இல்லாமல் விடியவில்லை. சரி, பொய், சில நாள் இல்லாமல் விடிந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

சின்ன வயதில் வந்தது என்பதை எல்லோரும் ஒரே கட்டியாகப் பார்க்கிறீர்கள். எனக்கு ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அம்மா கையில் இருந்தேன். அளந்து சோறு, நேரத்துக்கு ஊசி. வயதுக்கு வந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. அந்த வயதில் ஹார்மோன் இன்சுலினை வேலை செய்ய விடாது. அதே அளவு போட்டாலும் 300 காட்டும், திட்டு விழும், அதனால் எழுதிவைக்கிற நோட்டில் 140 என்று பொய் எழுதுவேன். கோவையில் ஹாஸ்டல் வாழ்க்கை இன்னும் மோசம். தோழி கல்யாணத்தில் புடவைக்குள் எங்கே போய் ஊசி போடுவது என்று விட்டுவிட்டேன். விட்டது ஒரு வேளை இல்லை.

பருவமடைவதற்கு முந்தைய வருஷங்கள் கண் பாதிப்புக் கணக்கில் குறைவாகத்தான் சேரும் என்று சில ஆய்வுகள் சொல்வதாக என் டாக்டர் சொன்னார். சேரவே சேராது என்று சொல்லவில்லை. என் கண்ணைக் கெடுத்தது ஒன்பது வயது இல்லை, பதினாறு வயது என்றுதான் நானும் நினைக்கிறேன்.

26-ல் கர்ப்பம். மூன்றாம் மாதம் கண்ணைப் பார்க்கச் சொன்னார்கள். விழித்திரையில் ரத்தக் கசிவு. கர்ப்பம் இருந்தால் கண் பாதிப்பு வேகமெடுக்கும் என்று அதுவரை யாரும் என்னிடம் சொல்லவில்லை. இரண்டு கண்ணிலும் லேசர். பையன் நன்றாக இருக்கிறான், ஒன்றாம் வகுப்பு. கிட்னி இன்றுவரை நன்றாக இருக்கிறது.

கணக்குப்பிள்ளை சார், சுவீடன் டைப் 1 கணக்கையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள், நாகரிகம் கருதி எழுதவில்லை போல. நானே எழுதுகிறேன். 10 வயதுக்குள் வந்த பெண்களுக்கு ஆயுளில் 17.7 வருஷம் குறைவு, ஆண்களுக்கு 14.2. 26-லிருந்து 30-க்குள் வந்தால் பத்து வருஷத்துக்குப் பக்கம். 2018-ல் வந்தது. அதை முதல் தடவை படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்து, தோசை சுடப் போனேன். தோசை நன்றாகத்தான் வந்தது.

கணக்குப்பிள்ளை, கோவை
வியாழன், காலை 7.10

அம்மிணி, பார்த்தேன், எழுதவில்லை. நீங்கள் சொன்னது சரிதான்.

ஆனால் ஒன்றைச் சேர்த்தே ஆக வேண்டும். அந்தக் கணக்கில் இருப்பவர்களில் பலர் குழந்தையாக இருந்தபோது வீட்டில் குளுக்கோமீட்டர் கிடையாது, இன்றைய இன்சுலின் கிடையாது. பழைய ரோட்டில் போன வண்டிகளின் விபத்துக் கணக்கு அது. உங்களுக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்வது கணக்குப்படியே தப்பு. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை.

பொள்ளாச்சி நர்ஸ்
வியாழன், காலை 9.30

ஊசிக்காரி, உன் பதிவை இரண்டு தடவை படித்தேன் கண்ணு.

இதைப் படித்துவிட்டு "டைப் 1 தான் ஆபத்து, எனக்கு டைப் 2 தானே" என்று யாராவது நிம்மதி அடைவார்கள். அடைய வேண்டாம். சிறுவயதில் சர்க்கரை வந்தவர்களை அமெரிக்காவில் 21 வயது வாக்கில் பார்த்தார்கள், 2017-ல் வெளியானது. ஏதாவது ஒரு பாதிப்போ அதன் ஆரம்பமோ இருந்தது டைப் 1-இல் 32 சதவீதம் பேருக்கு, டைப் 2-வில் 72 சதவீதம் பேருக்கு. இரண்டு பக்கமும் ஏறக்குறைய எட்டு வருஷச் சர்க்கரைதான். டுடே என்ற இன்னொரு ஆய்வில் சிறுவயதிலேயே டைப் 2 வந்த 500 பேரைத் தொடர்ந்தார்கள். சராசரி வயது 26 ஆனபோது 60 சதவீதம் பேருக்குக் கண், கிட்னி, நரம்பு இவற்றில் ஒன்றாவது கெட்டிருந்தது. 26 வயது! நம் ஊரில் பெண் பார்க்க ஆரம்பிக்கிற வயது.

அப்புறம், இளவயதில் வந்தால் டைப் 1 அல்லது டைப் 2 என்று இரண்டே பெட்டி இல்லை. ஒல்லியான ஆள், அடிக்கடி வயிற்று வலி, ஸ்கேனில் கணையத்தில் கல் என்று வருகிற சர்க்கரை தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் உண்டு. பரம்பரையாக ஒரே மரபணுவால் வருவதும் உண்டு. வகை தெரிந்தால்தான் மருந்து சரியாக அமையும். 34 வயது என்றால் "எந்த வகை?" என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள் தம்பி.

ரிக்வண்டி, திருச்செங்கோடு
வியாழன், இரவு 11.50

மத்தியப் பிரதேசத்தில் போர் போட்டுக்கொண்டிருக்கிறோம். சிக்னல் இப்போதுதான் கிடைத்தது.

வயது 29. இரண்டு வருஷம் முன்பு கேம்பில் பார்த்ததில் சர்க்கரை 240. வீட்டில் அம்மாவுக்கு மட்டும் தெரியும். பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மாத்திரை சாப்பிட்டால் ஊருக்குத் தெரிந்துவிடும், கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று அம்மா சொல்லிவிட்டது. எனக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. அதனால் விட்டுவிட்டேன்.

போன தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடந்தேன். காங்கேயம், தாராபுரம் வழி. மூலனூர்ப் பிரிவு தாண்டி எங்கேயோ உள்ளங்காலில் முள் ஏறியிருக்கிறது. பழநி போய்க் கால் கழுவும்போது தண்ணீர் சிவந்தது. அப்போதுதான் தெரியும். கூட வந்தவர்கள் முருகன் வலி தெரியாமல் வைத்திருக்கிறார் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இந்த இழையைப் படித்த பிறகு சந்தேகமாக இருக்கிறது.

ஊசிக்காரி, கோபி
வெள்ளி, காலை 5.55

சந்தேகமே வேண்டாம் தம்பி. முள் ஏறினால் வலிக்க வேண்டும். வலிக்கவில்லை என்றால் அது நரம்பு.

கோபத்தோடுதான் எழுதுகிறேன். உங்கள் அம்மாவைத் திட்டவில்லை. எனக்கும் ஏழு ஜாதகம் பொருந்தி, ஊசி என்றதும் ஏழும் திரும்பிப் போயின. எட்டாவது ஆளிடம் முதல் போனிலேயே சொன்னேன். "என்ன ஊசி, பேனா மாதிரி இருக்குமே அதுவா?" என்று கேட்டார். அவரைத்தான் கட்டிக்கொண்டேன். மறைத்துக் கட்டியிருந்தால் மூன்றாம் மாதம் கண்ணில் லேசர் வைக்கும்போது எதைச் சொல்லியிருப்பேன்?

அமராவதிக்கரை, தாராபுரம்
வெள்ளி, காலை 6.40

முதல் பதிவில் நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அழிக்கவில்லை, கிடக்கட்டும். என்னைப் போலவே நினைப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

ரிக்வண்டித் தம்பி, அந்தப் பாதயாத்திரைக் கூட்டத்துக்கு வருஷா வருஷம் எங்கள் தெருவில் மோர் கொடுக்கிறோம். கொப்புளத்துக்கு மருந்து போடும் பையன்களிடம் கேட்டேன். காலில் பெரிய காயத்தோடு சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களில் வயதானவர்கள் மட்டும் இல்லை என்றார்கள். அடுத்த தடவை செருப்புப் போட்டு நடங்கள். ஆண்டவன் கோபித்துக்கொள்ள மாட்டார். பண்ணாரியில் குண்டம் இறங்கும் பழக்கம் இருந்தால் அதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

பொள்ளாச்சி நர்ஸ்
வெள்ளி, மதியம் 3.15

ரிக்வண்டி, 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற நைலான் நூலை உள்ளங்காலில் வைத்து அழுத்தி, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஐந்து நிமிட வேலை. ஊருக்கு வந்ததும் முதலில் அது. அதுவரை தினமும் ராத்திரி காலை மடக்கி உள்ளங்காலைப் பாருங்கள், ஷூவைத் தட்டிவிட்டுப் போடுங்கள். மாத்திரையை இப்போதே ஆரம்பியுங்கள், அங்கேயே ஒரு டாக்டரைப் பார்த்து. வீட்டுக்கு வந்து மருந்து கொடுக்கிற மக்களைத் தேடி மருத்துவம் 2021-லிருந்து இருக்கிறது. ஆனால் மாசத்தில் இருபது நாள் வெளி மாநிலத்தில் இருப்பவனை அவர்கள் எங்கே தேடுவார்கள்?

"கல்யாணம் முடியட்டும்" என்பதில்தான் பெரிய நஷ்டம். லேப்காரர் சொன்ன அதே யுகேபிடிஎஸ். ஆரம்ப வருஷங்களில் சர்க்கரையை இறுக்கிப் பிடித்தவர்களையும் பிடிக்காதவர்களையும் ஆய்வு முடிந்த பிறகும் பத்து வருஷம் பார்த்தார்கள். ஆய்வு முடிந்ததும் இரண்டு கூட்டத்துக்கும் எச்பிஏ1சி ஒன்றாகிவிட்டது. ஆனாலும் ஆரம்பத்தில் பிடித்தவர்களுக்குப் பாதிப்பு குறைவாகவே இருந்தது, மாரடைப்பும் குறைந்தது. டைப் 1-இல் 1993-ல் முடிந்த டிசிசிடி ஆய்விலும் இதே கதை. உடம்பு பழசை ஞாபகம் வைத்துக்கொள்கிறது, நல்லதையும் கெட்டதையும்.

நொய்யல் தம்பிக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. இங்கிலாந்தில் டைரக்ட் என்ற ஆய்வில், வந்து ஆறு வருஷத்துக்குள் இருந்த டைப் 2 நோயாளிகளின் எடையைத் தீவிரமாகக் குறைத்தார்கள். ஒரு வருஷத்தில் 46 சதவீதம் பேர் மாத்திரை இல்லாமலேயே சர்க்கரை நோய் என்று சொல்கிற அளவுக்குக் கீழ் வந்தார்கள். 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் 86 சதவீதம். எடை எவ்வளவு என்று நீங்கள் எழுதவே இல்லை.

அப்பா விஷயம்: 79 வயதில் அவருக்கு 6.2 கொண்டுவர வேண்டும் என்று நீங்கள் யாரும் முனைய வேண்டாம். அந்த வயதில் 8-க்குள் இருந்தால்கூடப் பல டாக்டர்கள் போதும் என்பார்கள். ராத்திரி சர்க்கரை இறங்கி பாத்ரூமில் விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடும். உங்களுக்கும் அவருக்கும் ஒரே மருந்துச் சீட்டு இல்லை.

மஞ்சள்மண்டி, கொடுமுடி
வெள்ளி, இரவு 8.00

சொட்டுநீர்க் குழாயில் ஆசிட் விட்டுக் கழுவினால் அடைப்பு போய்விடும். ரத்தக்குழாய்க்கு அப்படி ஏதாவது உண்டா?

பொள்ளாச்சி நர்ஸ்
வெள்ளி, இரவு 8.20

இல்லைங்கண்ணா. உப்பைக் குறைக்கலாம், கழுவ முடியாது. நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான், நீங்கள் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்.

ஊசிக்காரி, கோபி
வெள்ளி, இரவு 9.05

நொய்யல் அண்ணா, டைப் 2 என்றால் கண்டுபிடித்த உடனேயே கண் பார்க்க வேண்டும். டைப் 1-க்குத்தான் சில வருஷம் அவகாசம். கோவையில் பெரிய கண் ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன, ஒரு நாள் லீவு போடுங்கள். சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரித்துப் பார்ப்பார்கள், நான்கைந்து மணி நேரம் எதிரே எல்லாம் வெளுத்துத் தெரியும். பைக்கில் போகாதீர்கள். மருந்து ஆரம்பித்துச் சர்க்கரை மளமளவென்று இறங்கும்போது கண் பாதிப்பு முதலில் கொஞ்சம் கூடிக் காட்டுவதும் உண்டு. அதனால்தான் முதலிலேயே ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

நொய்யல்காரன், திருப்பூர்
அடுத்த புதன், இரவு 10.10

எல்லோருக்கும் நன்றிங்க. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

எடை 86. கேட்டது நியாயம்தான், வேண்டுமென்றே எழுதாமல் விட்டேன். வகை டைப் 2 என்றுதான் சொன்னார்கள். மாத்திரை ஆரம்பித்தாகிவிட்டது. பிரஷர் 148. அதுவும் இருக்கிறது என்று இப்போதுதான் தெரியும். ஆல்புமின் விகிதம் 62. மூன்று மாதத்துக்குள் திரும்பப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

ஞாயிறு டயாலிசிஸ் இல்லாத நாளாகப் பார்த்து அண்ணன் வீட்டுக்குப் போனேன். சிறுநீரில் ஆல்புமின் முதன்முதலில் எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டேன். யோசித்தார். கால் வீங்கின பிறகு என்றார். அதாவது பதிமூன்றாவது வருஷம். அதுவரை வருஷத்துக்கு ஒரு தடவை வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் பார்த்திருக்கிறார், பார்க்கிற வாரம் மட்டும் சோற்றைக் குறைத்துக்கொண்டு. என் 62-ஐக் காட்டினேன். பேப்பரை ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தார். "எனக்கு இது எப்ப 62 இருந்துச்சோ" என்றார்.

அப்பாவிடமும் கேட்டேன். அவருக்கு 58-ல் மாட்டியபோதே பிரஷர் மாத்திரையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள், இன்றுவரை ஒரு வேளை விட்டதில்லை. ஒப்புட்டு மட்டும்தான் நமக்குத் தெரிந்தது.

கண் நேற்று பார்த்தேன். இரண்டு கண்ணிலும் பொட்டுப் பொட்டாகச் சிவப்புப் புள்ளிகள். ஆரம்ப நிலை, லேசர் வேண்டாம், வருஷா வருஷம் வரவேண்டும். லேப்காரர் சொன்னதேதான், சில வருஷமாகவே சர்க்கரை இருந்திருக்கும் என்றார்கள்.

பல் நாளைக்குப் பிடுங்குகிறார்கள்.

ஊசிக்காரி அக்கா சொல்லியும் கேட்காமல் பைக்கில்தான் போனேன். ஆஸ்பத்திரி ஸ்டாண்டில் வண்டியை எடுத்து வாசல் வரை வந்தேன். அவினாசி ரோடு மொத்தமும் வெள்ளை வேட்டி காயப்போட்ட மாதிரி இருந்தது. திரும்பப் போய் ஸ்டாண்டிலேயே நிறுத்திவிட்டு திருப்பூர் பஸ் ஏறினேன். போர்டு படிக்க முடியவில்லை, பக்கத்தில் நின்ற பெரியவரிடம் கேட்டுத்தான் ஏறினேன். வண்டி இன்னும் அங்கேதான் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை போய் எடுக்க வேண்டும்.

லேப்காரர், ஈரோடு
அடுத்த புதன், இரவு 10.25

ஸ்டாண்டில் ஒரு நாளைக்கு எவ்வளவு வாங்குகிறார்கள்?